பாதிப் பச்சை, பாதிச் சிவப்பு

அப்துல் ஜப்பார் துறைமுக அலுவலகத்துப் படிகளில் ஏறி வந்தபோது, ஜெயமணி முதலில் பார்த்தது அவர் முகத்தை அல்ல, செருப்பைத்தான். வாசலில் கழற்றிய வேகத்தில் வலது செருப்பு குப்புறக் கிடந்தது. அடிப்பாகத்தின் நடுவே குறுக்காக ஒரு பள்ளம், விரல் அகலத்தில், கறுப்பு கிரீஸ் படிந்து தெரிந்தது. அதை அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். கண்ணில் படுவதையெல்லாம் எழுதிக்கொள்வது அவள் பழக்கம். அதில் பத்தில் ஒன்பது எதற்கும் உதவாது என்பது வேறு விஷயம்.

"சார், எம் மவன் ஆஸ்பத்திரியில கெடக்கான்" என்றார் ஜப்பார், உட்காராமலே. "வலது கை ரெண்டா முறிஞ்சிருக்கு. உசுரு தப்பினது அல்லா காப்பாத்துனது. இது ஆக்சிடெண்ட் இல்ல சார். எவனோ வேணும்னே செஞ்ச வேலை."

"உட்காருங்க பாய்" என்றார் திருநாவுக்கரசு.

திருநாவுக்கரசு படகுப் பரிசோதகர். கடலில் ஒரு படகு மூழ்கினால், முட்டினால், தீப்பிடித்தால், ஏன் என்று கண்டுபிடித்து எழுதுவது அவர் உத்தியோகம். ஜெயமணி அந்த அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவள். போர்ட் பிளேரில் கரையில் நடக்கும் விவகாரங்களுக்கும் அவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். அவர் குரலை உயர்த்தாமல் கேட்பார், பாதியில் குறுக்கிட மாட்டார். அந்த இரண்டும் ஊரில் அபூர்வம்.

ஜப்பார் சொல்ல வந்த காரைப் பற்றி ஊருக்கே தெரியும். அந்த 1968-ஆம் வருஷம் போர்ட் பிளேரில் பெரிய மோட்டார் பட்டறைகள் இரண்டுதான். லம்பா லைனில் ஜப்பாருடையது. டாக்ஸிகளும் சின்ன கார்களும் அங்கே போகும். டெய்ரி ஃபார்ம் பகுதியில் ராஜமாணிக்கத்துடையது. ஜீப்பும் மர லாரியும் அங்கே. பன்னிரண்டு வருஷமாக இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் தொழில் நடத்தினார்கள். ஏப்ரல் கடைசியில் விமானத் திடலில் பந்தயம் ஓட கல்கத்தாவிலிருந்து ஒரு கிளப்பார் கப்பலில் பந்தயக் கார் கொண்டுவருகிறார்கள் என்று செய்தி வந்தது. தீவிலிருந்து ஒரு கார் எதிர்த்து ஓடாவிட்டால் மானம் போய்விடும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியது. ஒருத்தரிடம் எஞ்சின் இருந்தது. இன்னொருத்தரிடம் பாராடாங் காட்டில் யாரோ விட்டுப்போன ஜீப்பின் அடிச்சட்டம் இருந்தது.

இப்படித்தான் அந்த ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. முன்பாதி பச்சை, பின்பாதி சிவப்பு, சக்கரம் நான்கும் சிவப்பு. வலப்பக்கக் கதவில் 'ஜப்பார் – ராஜா' என்றும், இடப்பக்கக் கதவில் 'ராஜா – ஜப்பார்' என்றும் எழுதியிருந்தது. யார் பெயர் முதலில் என்பதைத் தீர்க்க ஒரு வாரம் பிடித்ததாம். அதற்குமேல் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம்: எஞ்சினும் கியரும் ஜப்பார் பொறுப்பு, சட்டம், சக்கரம், பிரேக், பாடி எல்லாம் ராஜமாணிக்கம் பொறுப்பு. ஒருவர் வேலைமேல் மற்றவர் ஸ்பானர் வைக்கக்கூடாது.

"இன்னிக்குக் காலைல ஏழரைக்கு டிரையல்" என்றார் ஜப்பார். "எம் மவன் நூர்முகம்மதுதான் ஓட்டுனான். மூணாவது ரவுண்டுல இடது பக்கப் பின்சக்கரம் கழண்டு தனியா ஓடுது சார்! வண்டி புல்லுல உருண்டுருச்சு. போய்ப் பாத்தா, முன்சக்கரத்து நட்டும் லூசு. விடியக்காலம் கல்லு மாதிரி இருந்த நட்டு சார், அதுக்குள்ள எப்படிக் கழலும்? நடுவுல வண்டிகிட்ட போனவன் ஒருத்தன்தான். ராஜமாணிக்கத்தோட மிஸ்திரி சொக்கலிங்கம். ஆறரைக்கே வந்து ஷெட்டைத் தொறந்து டயருக்குக் காத்து அடிச்சிருக்கான்."

"அவருக்கு உங்க மகன்மேல என்ன கோபம்?"

"டிரைவர் சீட்டு அவனுக்குத்தான் வரும்னு நெனச்சிருந்தான். எம் மவனுக்குப் போச்சு. ராஜமாணிக்கமே அவனை நாளைக்கு வியாழக்கெழமை கப்பல்ல மெயின்லேண்டுக்கு அனுப்பிர்றேன்னுட்டாரு. ஆனா எனக்கு அது பத்தாது. நீங்க பாத்து எழுதிக் குடுங்க, போலீசுக்குப் போறேன்."

"ஷெட்டுக்குச் சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு அவருகிட்ட. ஒண்ணு இங்க" என்று இடுப்பு பெல்ட்டைத் தொட்டார்.

திருநாவுக்கரசு ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டு எழுந்தார்.

விமானத் திடல் ஓரத்து ஷெட்டில் காரை இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ராஜமாணிக்கம் ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொக்கலிங்கம் தள்ளி நின்றான். முப்பது வயது, திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், எட்டு வருஷமாகத் தீவில் இருக்கிறான். அழுது ஓய்ந்த கண்கள்.

"நான் காத்து மட்டுந்தான் அடிச்சேன், சார்" என்றான். "நட்டைத் தொடவே இல்ல. நேத்து சாயங்காலம் முதலாளியும் நானுமா இறுக்குனோம். பெறகு எதுக்கு நான் தொடணும்? இந்தப் பேரோட கப்பல் ஏறுனா, அங்கயும் எந்தப் பட்டறையில சார் என்னைச் சேப்பாங்க? அலமுகிட்ட என்னன்னு சொல்வேன்?"

அலமு அவன் மனைவி. டிக்கெட் வாங்கின விஷயமே அவளுக்கு இன்னும் தெரியாது.

திருநாவுக்கரசு வலப்பக்கம் போய், சக்கரத்தின் ஒரு நட்டில் ஸ்பானரை மாட்டி அழுத்தினார். அசையவில்லை. சொக்கலிங்கம் வந்து அழுத்தினான். அவனுக்கும் அசையவில்லை. கடைசியில் அவன் ஸ்பானர்மேல் ஏறி நின்றபோதுதான் அது முனகிக்கொண்டு இளகியது.

"இவ்வளவு இறுக்குவீங்களா?" என்று கேட்டார் திருநாவுக்கரசு.

ராஜமாணிக்கம் எழுந்து வந்தார். அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம். "இல்லியே சார். எங்க பட்டறையில கை பலத்துக்குத்தான் இறுக்குவோம். மிதிச்சா போல்ட்டு அறுந்துரும். மிதிக்கிறவனுக்கு என்கிட்ட வேலையே கிடையாது."

"அப்ப சொக்கலிங்கம் பொய் சொல்றாரு!" என்று ஜெயமணி திருநாவுக்கரசின் காதருகே கிசுகிசுத்தாள். "ஒரு பக்கம் கழட்டிட்டு, சந்தேகம் வராம இருக்க மறுபக்கத்தை இறுக்கிட்டாரு. பக்கா பிளான், சார்."

"கழட்ட வந்தவன் எதுக்கும்மா இறுக்கணும்? அதுவும் பத்து நட்டையும்? அவசரத்துல வந்தவனுக்கு அதுக்கு நேரம் ஏது?"



அவர் இடப்பக்க முன்சக்கரத்தருகே குனிந்தார். அங்கே ஐந்து நட்டுகளும் விரலுக்கே அசைந்தன. ஒன்றைக் கொஞ்சம் சுழற்றிப் பார்த்துவிட்டு விட்டார். பிறகு போல்ட்டின் நுனியில் பூசியிருந்த புதுச் சிவப்புப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். அடியில் இங்கிலீஷ் 'எல்' எழுத்து ஒன்று பொறித்திருந்தது. ஜெயமணி அதையும் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் 'கம்பெனி பெயரின் முதலெழுத்தோ?' என்று ஒரு கேள்விக்குறி போட்டாள். வலப்பக்கம் போய் அவரே இரண்டு போல்ட்டுகளைச் சுரண்டினார். அங்கே எழுத்து எதுவும் இல்லை.

"நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு எல்லாரும் இங்கே வாங்க" என்றார். "அதுவரைக்கும் யாரும் வண்டியைத் தொட வேண்டாம்."

திரும்பி நடக்கும்போது ஜெயமணியால் பொறுக்க முடியவில்லை. "யாருன்னு தெரிஞ்சுபோச்சா, சார்?"

"தெரிஞ்சுபோச்சு. அதுதான் கஷ்டமா இருக்கு" என்றார் அவர். "இரட்டை விசிறிப் படகு பார்த்திருக்கியா? ரெண்டு விசிறியும் எதிரெதிராச் சுத்தும். புதுசா வர்ற ஆளு ஒரு பக்கத்தைச் சரியாக் கழட்டுவான், மறுபக்கத்துல போராடுவான்."

அவளுக்குப் புரியவில்லை. இருந்தும் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் மூன்று மணிக்கு எல்லாரும் ஷெட்டில் கூடியிருந்தார்கள். அன்று சாயங்காலம் கப்பல் என்பதால் சொக்கலிங்கம் பெட்டி படுக்கையோடு வந்திருந்தான். ஜப்பார் கையைக் கட்டிக்கொண்டு பச்சைப் பக்கத்தில் நின்றார். ராஜமாணிக்கம் சிவப்புப் பக்கத்தில். வண்டி நசுங்கியும் அவரவர் எல்லை மாறவில்லை.

திருநாவுக்கரசு ஸ்பானரை எடுத்து ஜெயமணியிடம் நீட்டினார். "இந்த இடது முன்சக்கரத்து நட்டை நல்லா இறுக்கு, பார்க்கலாம்."

"நானா சார்?"

"சைக்கிளுக்கு நீயேதானே இறுக்குவ? அதே மாதிரி."

ஜெயமணி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ஸ்பானரை மாட்டி, கடிகார முள் போகும் பக்கமாகத் திருப்பினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. ஐந்தாவது சுற்றில் நட்டு அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"ஐயோ! இறுக்கத்தானே செஞ்சேன்? கழண்டுருச்சே சார்!"

ராஜமாணிக்கமும் சொக்கலிங்கமும் அதில் ஆச்சரியப்படவில்லை. ஜப்பாரின் கட்டிய கைகள் மட்டும் மெல்லத் தளர்ந்தன.

"இது ஜீப்புச் சட்டம்" என்றார் திருநாவுக்கரசு. "அந்தக் காலத்து ஜீப்புல இடப்பக்க நட்டுக்கு மரை எதிர்ப்பக்கமா வெட்டியிருக்கும். அதுக்கு அடையாளமாத்தான் 'எல்' எழுத்து. நாம வழக்கமா இறுக்குற பக்கம் திருப்பினா, அது கழலும். ராஜமாணிக்கத்துக்கும் சொக்கலிங்கத்துக்கும் இது தூக்கத்துலகூட தெரியும். நட்டைக் கழட்டணும்னு சொக்கலிங்கம் வந்திருந்தா, இடப்பக்கத்தை மட்டும் கழட்டிட்டுப் போயிருப்பாரு. ஆனா இங்க வந்த ஆளு நாலு சக்கரத்தையும் ஒரே பக்கமாத் திருப்பியிருக்காரு. அதனால வலது பக்கம் மிதிபட்டு இறுகிப்போச்சு, இடது பக்கம் கழண்டுபோச்சு. பாய், இங்க வந்தவர் கழட்ட வரல. இறுக்க வந்தவர். கார்மேல அக்கறை உள்ளவர். ஆனா ஜீப்புச் சக்கரம் கழட்டிப் பழகாதவர்."

விமானத் திடலில் மாடு ஒன்று கத்தியது.

"நேத்து ஒருத்தர் எங்கிட்ட, விடியக்காலம் நட்டு கல்லு மாதிரி இருந்துச்சுன்னு சொன்னார்" என்று திருநாவுக்கரசு தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். "முந்தின நாள் சாயங்காலம் இறுக்குனவங்க ரெண்டு பேருக்கும் விடியக்காலத்து நிலை தெரியாது. அதைத் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும். சாவி ரெண்டுதான். அவர் வலது செருப்புக்கு அடியில, ஸ்பானர் கம்பியை மிதிச்ச தழும்பு இருக்கு. ஜெயமணி நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க."

ஜெயமணிக்குத் தன் நோட்டு முதல்முறையாக உதவியதில் சந்தோஷப்பட வேண்டும். அவளால் முடியவில்லை. அவள் ஜப்பாரைப் பார்க்காமல் கையிலிருந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜப்பார் வண்டியின் பானெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு நேரா இங்கதான் வந்தேன்" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "ராத்திரி தூக்கம் வரல, சார். ஓட்டப் போறது எம் மவன். இவரு மேல நம்பிக்க இல்ல. ஒவ்வொரு நட்டுக்கும் ஒரே மிதி. வலது பக்கம் கொஞ்சந்தான் அசைஞ்சுது. இடது பக்கம் டக்குன்னு கால் வட்டம் போச்சு. பாத்தியா, லூசா விட்டிருக்கான், நல்ல வேளை நான் வந்தேன்னு நெனச்சேன். ஒப்பந்தத்தை மீறினது வெளிய தெரியக்கூடாதுன்னு வாயைத் தொறக்கல. நானே இறுக்கின நட்டு எப்படிக் கழலும்னுதானே இவன்மேல பழி போட்டேன்? எம் புள்ளையை நானே… யா அல்லா, என் காலால மிதிச்சேனே!"

அவர் அழுதார். பன்னிரண்டு வருஷப் போட்டியாளர் முன்னால் அழுகிறோமே என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை.

முதலில் அசைந்தது ராஜமாணிக்கம்தான். சிவப்புப் பக்கத்திலிருந்து சுற்றி வந்து ஜப்பாரின் தோளில் கை வைத்தார். "அழகா இருக்கட்டும்னு அந்த எழுத்து மேல பெயின்ட் அடிச்சவன் நான், பாய். நீங்க கேக்கல, நான் சொல்லல. நம்ம தொழில் ரகசியம் உங்களுக்கு எதுக்குன்னு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்க பையன் கை முறிஞ்சிருக்காது."

ஜப்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொக்கலிங்கத்திடம் போனார். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு முறை ஆரம்பித்தார், இரண்டு முறையும் முடிக்கவில்லை. கடைசியில் அவன் தகரப் பெட்டியைக் குனிந்து தூக்கினார். "வா, வீட்டுக்குப் போவோம். ஒம் பொண்டாட்டிகிட்ட நானே சொல்றேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போயி எம் மவன்கிட்டயும் சொல்லணும்."

"பெட்டிய எங்கிட்ட குடுங்க, பாய்" என்றான் சொக்கலிங்கம்.

"இரு, நானே தூக்குறேன்."

பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை, நிமிர்த்தி ஒட்டுப்போட்ட அந்தக் காரை மறுபடி வெளியே எடுத்தார்கள். டிரைவர் சீட்டில் இப்போது சொக்கலிங்கம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து சொல்லி அனுப்பியவன் நூர்முகம்மது. இடப்பக்கச் சீட்டில் ஏறிக்கொண்டார் ஜப்பார். அதுவரை அவர் அந்த வண்டியில் உட்கார்ந்ததே இல்லை.

புறப்படும் முன் சொக்கலிங்கம் ஸ்பானரை அவரிடம் நீட்டினான். "இடது பக்கத்தை ஒரு தடவ பாத்துக்கிடுங்க, பாய். இப்பந்தான் உங்களுக்கு எந்தப் பக்கம்னு தெரியுமே."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஜப்பார் சக்கரத்தைப் பார்த்தார். சிவப்புப் பெயின்ட்டை யாரோ சுத்தமாகச் சுரண்டியிருந்தார்கள். ஐந்து போல்ட்டிலும் 'எல்' பளிச்சென்று தெரிந்தது. அவர் ஸ்பானரை வாங்கி, பார்க்காமலே, பின்னால் நின்ற ராஜமாணிக்கத்திடம் கொடுத்தார்.

"நீ இறுக்கினியா?" என்று சொக்கலிங்கத்திடம் கேட்டார்.

"இறுக்கிட்டேன்."

"அப்ப எடு வண்டிய" என்றார் ஜப்பார்.