பின்னால வூடு தெரியணும்!

"அய்யோ... நான் கொல்லலைங்க!"

போலீஸ் வண்டிக்குள்ளிருந்து வந்த அலறலில் அரியலூர் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

1948. மார்கழிக் காலை.

வண்டி நின்றது பஞ்சநாதனின் போட்டோ ஸ்டூடியோ வாசலில்!

இன்ஸ்பெக்டர் தங்கசாமி இறங்கினார். பின்னாலேயே, மூக்கைச் சிந்தியபடி வைரக்கண்ணு.

"நேத்து உடையார்பாளையத்துல இவரையும் இவரு அண்ணன் கண்ணையனையும் படம் எடுத்தீங்கல்ல? அந்தக் கண்ணையனைக் கழுத்தை இறுக்கிக் கொன்னுட்டாங்க."

"யாருங்க?" பதறினான் பஞ்சநாதன்.

"வண்டிக்குள்ள இருக்காளே, அவரு சம்சாரம் சாந்தா. ஜெயங்கொண்டம் போயி மருந்து வாங்கிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு வந்து பாத்தா செத்துக் கெடந்தாராம். கதை விடறா!"

வைரக்கண்ணு விம்மினான்.

"சாயங்காலம் ஆறு மணிக்குப் படம் எடுத்தப்ப அண்ணன் உசுரோட இருந்தாரு. அப்புறம் நானும் இவரும் ஒரே பஸ்ல அரியலூர் வந்துட்டோம். அண்ணியை விட்டா வேற யாருங்க?"

"போட்டோகிராபர், நீங்கதான் சாட்சி. அந்தப் படமும் உங்க வாக்குமூலமும் போதும்... தூக்குதான்!"

பஞ்சநாதன் வண்டியை எட்டிப் பார்த்தான். தன் வாய் வார்த்தையில் ஒரு பெண்ணின் கழுத்தா?

இருட்டறைக்குள் நுழைந்தான். படம் பதிந்த கண்ணாடி பிளேட்டை மருந்தில் நனைத்தான். கை தானாக ஆட்டியது... மனசு உடையார்பாளையத்துக்கு ஓடியது.

நாற்காலியில் கண்ணையன். தாடை வரை சால்வை.

"அண்ணனுக்குக் காசம். கிட்ட போயிடாதீங்க. பேச்சும் நின்னு போச்சு" என்றிருந்தான் வைரக்கண்ணு.

சூரியன் இறங்கிவிட்டிருந்தது. ஒரே ஒரு பிளாஷ் பல்பைப் பளிச்சென்று அடித்திருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். வைரக்கண்ணு விட்டால்தானே!

"பின்னால வூடு தெரியணும்!"

"பல்பு வெளிச்சம் ஆளு வரைக்கும்தாங்க எட்டும். வூடு கறுத்துப் போயிடும்."

"அதெல்லாம் முடியாது. வூடு தெரியணும்!"

"அப்ப வானத்து வெளிச்சத்துல கேமராவை நாலு செகண்ட் தொறந்து வச்சு, கடைசியில பல்பை அடிக்கணும். ரெண்டும் சமமா விழும். ஆனா ரெண்டு பேரும் அசையவே கூடாது!"

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

பளீர்!

கிளம்பும்போது பஞ்சநாதன் கண்ணையனுக்குக் கும்பிடு போட்டான். பதில் இல்லை. பாவம், நோயாளி என்று நினைத்துக் கொண்டான்.

இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் இப்போது பிளேட்டில் உருவங்கள் எழுந்தன. வீடு, தூண், ஜன்னல்... அத்தனையும் அச்சாக விழுந்திருந்தன.

வைரக்கண்ணுவின் தோளோரத்தில் ஒரு மங்கல் நிழல். வழக்கம்தான். உயிருள்ளவன் மூச்சு விடுவான். எத்தனை விறைப்பாக நின்றாலும் நாலு செகண்டில் லேசாக அசைவான். பதினைந்து வருஷமாக அந்தப் பேய் நிழல் விழாத ஆளை அவன் எடுத்ததே இல்லை.

கண்ணையனைப் பார்த்தான்.

நிழலே இல்லை!

நெஞ்சு, சால்வை, மீசை... பின்னால் நின்ற கல்தூணைப் போல் அத்தனையும் துல்லியம். காச நோயாளி நாலு செகண்ட் மூச்சே விடவில்லையா?

பெரிதாக்கிக் காட்டும் லென்சை எடுத்தான். சால்வை ஒரு விரல்கடை விலகியிருந்த இடத்தில், பல்பு வெளிச்சம் விழுந்த கழுத்தில்...

கயிற்றுத் தடம்!

'கடவுளே... பிணத்துக்கா கும்பிடு போட்டேன்?'

அரைகுறையாய்த் திறந்திருந்த அந்தக் கண்கள் பிளேட்டுக்குள்ளிருந்து அவனையே பார்த்தன.

பிளேட்டை நிலைநிறுத்தும் மருந்தில் முக்கி, ஈரம் சொட்டச் சொட்ட வெளியே கொண்டு வந்தான்.

"வூடு தெரியுதா?" முந்திக்கொண்டு கேட்டான் வைரக்கண்ணு.

"நல்லாவே தெரியுதுங்க."

இன்ஸ்பெக்டர் பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்தார். பஞ்சநாதன் விரலால் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினான். சொன்னான். தங்கசாமி வைரக்கண்ணு பக்கம் திரும்பினார்.

வைரக்கண்ணு வாசலுக்குப் பாய்ந்தான்... அங்கே நின்ற கான்ஸ்டபிளின் கை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது!

"ஏண்டா, அண்ணனைக் கொன்னுட்டு, அண்ணியையும் தூக்குல ஏத்திட்டா வூடு உனக்கா? யோவ், அந்த அம்மாவை எறக்கி விடுய்யா!"

சாந்தா இறங்கினாள். அழக்கூடத் தெம்பில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"பொய்யிங்க! அசையாம ஒக்காந்தா செத்தவனா? நானுந்தான் அசையாம நின்னேன்!" கத்தினான் வைரக்கண்ணு.

பஞ்சநாதன் பிளேட்டை வாங்கி ஓரத்தில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டான்.

"அசையக் கூடாதுன்னு ரெண்டு பேருக்கும்தான் சொன்னேன்... பேச்சைக் கேட்டது உங்க அண்ணன் மட்டுந்தாங்க!"