ஏற்றத்தில் கத்திய மூஞ்சூறு

காலை ஏழே கால். ஆஸ்பத்திரி ஏற்றத்தில், பேக்கரி வாசலுக்கு நேர் எதிரே பேப்பர்காரர் தரையில் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே அவர் வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவருடைய சைக்கிள் மீது டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று பின்பக்கமாக ஏறி நின்றது. காரின் முதுகில் எல் போர்டு. அதைப் பார்த்ததுமே கூட்டம் தீர்ப்பு எழுதிவிட்டது.

"யாரு ஓட்டினது?"

"ஒரு பொம்பளை."

"அதானே பார்த்தேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தத் தெருவில் யாருக்கும் எதையும் விசாரிக்கத் தோன்றவில்லை.

அந்தப் பொம்பளை ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவள். வார்டில் எல்லோருக்கும் தள்ளக்கா. வருகிற திங்கட்கிழமை அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். தேறினால் ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை அவளுக்குத்தான் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். பேரில் வழக்கு விழுந்தால் டெஸ்ட்டும் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை. ஆயுசுக்கும் ஸ்ட்ரெச்சர்தான். இத்தனையும் கை நழுவுகிற நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? பேக்கரியில் அட்டைப்பெட்டி வாங்கிக் கிழித்து, பேப்பர்காரர் காலுக்கு அணை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கற்றுக்கொடுக்கிற மாஸ்டர் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் விசாரணை. இன்ஸ்பெக்டர் அம்மாள் முன்கோபக்காரர். இருபது வருஷம் போலீஸில் இருந்தும் வண்டி ஓட்டத் தெரியாதவர். அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதும் இல்லை.

"எனக்கு வண்டி ஓட்ட வராது, மாஸ்டர். சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏற்றத்துல நிறுத்தி எடுக்கப் பழக்கிட்டிருந்தேன், மேடம். ஃபர்ஸ்ட் கியர் போட்டு, பிரேக்கை விட்டுட்டு, கிளட்சைப் பாதியில பிடிச்சா வண்டி அப்படியே நிக்கும். அந்த நேரத்துல கிளட்சை முழுசா அமுக்கினா இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுப் போயிடும். அப்புறம் ஏற்றம் சும்மா விடுமா? பின்னாடி உருண்டுடும்."

"அமுக்கினது யாரு?"

"வேற யாரு, அவங்கதான். பின்னாடி சைக்கிள் மணி கேட்டதும் பதறிட்டாங்க. நான் பிரேக் போடறதுக்குள்ள மோதிடுச்சு."

"உங்க பக்கமும் பெடல் இருக்காமே?"

"கிளட்ச், பிரேக் ரெண்டும் இருக்கு. ஆத்திர அவசரத்துக்கு. இன்னிக்கு நான் பிரேக்கை மட்டும்தான் தொட்டேன்."

"அவங்க கிளட்சை அமுக்கினதைப் பார்த்தீங்களா?"

"பார்க்க வேற வேணுமா, மேடம்? நம்ம வண்டி கிளட்ச் பெடல் கிரீச்சுன்னு கத்தும். அதுக்கு மூஞ்சூறுன்னே பேரு வெச்சிருக்காங்க. இன்னிக்கு ஆறு மணிக்கு ஓட்ட வந்த புதுப் பையன்கூடக் கேட்டுட்டுச் சிரிச்சான். அந்தச் சத்தம் வந்துச்சு, வண்டி உருண்டுச்சு. பேக்கரியம்மாவை வேணாக் கேட்டுப் பாருங்க."

பேக்கரியம்மாவும் அதையேதான் சொன்னார். வாசலில் ரொட்டித் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர் அவர். காரின் ஜன்னல்கள் திறந்திருந்தன.

"முதல்ல கிரீச். அப்புறம்தான் வண்டி நகர்ந்துச்சு. அப்புறம் டமார். மாஸ்டர் போன்ல பேசிக்கிட்டே இறங்கினாரு. அந்தப் பொண்ணுதான் ஓடிப் போய் அந்த மனுசனைத் தூக்கிச்சு."

நகர்வதற்கு முன்னால் வந்த சத்தம் பிரேக்காக இருக்க முடியாது. கிளட்ச்தான். இன்ஸ்பெக்டரின் ஜீப் டிரைவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கேஸ் முடிஞ்சுது, மேடம். எழுதிடலாம்."

"உம்ம கை அவ்வளவு ஊறுதா? இரும்."

தள்ளக்கா கணவனோடு உள்ளே வந்தாள். முந்தானையில் இன்னும் பேப்பர்காரரின் ரத்தம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான்தான் மிதிச்சிருப்பேன், மேடம்."

"மிதிச்சீங்களா, மிதிச்சிருப்பீங்களா?"

"எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க. நான் காலைப் பாதியிலதான் வெச்சிருந்தேன். திடீர்னு பெடல் காலுக்கு அடியிலேருந்து நழுவிக் கீழ போன மாதிரி இருந்துச்சு."

கணவன் சிரித்தான். பெண்டாட்டியின் பிழைப்பு போகிற இடத்தில் நின்றுகொண்டு சிரித்தான். "பெடல் எங்கடி நழுவும்? நான் அன்னிக்கே சொன்னேன் மேடம், ஸ்ட்ரெச்சர் தள்றவளுக்கு ஸ்டியரிங் எதுக்குன்னு."

"நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். அவன் வெளியே போனான். பிறகு கேட்டார். "அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, மேடம். எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அதைக் கேட்டே ரொம்ப நாளாச்சு. சேர்ந்த புதுசுல நொடிக்கு நொடி கத்தும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு நின்னே போச்சு. மாஸ்டர் எண்ணெய் போட்டுட்டாரு போலன்னு நினைச்சேன்."

இன்ஸ்பெக்டர் மாஸ்டரைத் திரும்பக் கூப்பிட்டார்.

"கிளட்சுக்கு எண்ணெய் எப்பப் போட்டீங்க?"

"எங்க மேடம், நேரமே கிடைக்கலை. ஒரு வருஷமாக் கத்திட்டுத்தான் கிடக்கு. டப்பா வண்டியிலேயே இருக்கு. நீங்க சொன்னா இப்பவே ரெண்டு சொட்டு விட்டுடறேன்."

"ஒரு சொட்டு பட்டுச்சுன்னா சாட்சியத்தை அழிச்சதுக்குத் தனிக் கேஸ் போடுவேன். எல்லாரும் கிளம்புங்க."

பதினோரு மணி. அதே ஏற்றம், அதே கார், ஏறக்குறைய அதே கூட்டம். வேடிக்கை பார்க்க மட்டும் இவர்களுக்கு எங்கிருந்துதான் நேரம் வருமோ. இன்ஸ்பெக்டர் காரை ஓரமாகக் கொண்டுவரவும் சக்கரத்துக்குக் கல் வைக்கவும் சொன்னார். ஜீப் டிரைவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார்.

"கிளட்சை மிதியும்."

மிதித்தார். சத்தமில்லை.

"இன்னும் நல்லா."

தரையோடு தரையாக அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். ஒரு முனகல்கூட இல்லை.

"சில நேரம் கத்தும், சில நேரம் கத்தாது, மேடம்," என்றார் மாஸ்டர். குரல் பழைய குரலாக இல்லை.

"அப்படியா?" இன்ஸ்பெக்டர் சுற்றி வந்து மாஸ்டரின் இருக்கையில் உட்கார்ந்தார். "டிரைவர், காலைப் பாதியில வெச்சுக்கும். அமுக்காதேயும்." பிறகு குனிந்து பார்த்து, தன் பக்கத்துக் கிளட்சை மிதித்தார்.

கிரீச்.

பேக்கரியம்மா படியிலிருந்தே சொன்னார். "இதேதான். இதே சத்தம்தான்."

ஆனால் ஜீப் டிரைவர் அதைக் கவனிக்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், நான் ஒண்ணும் பண்ணலை. பெடல் தானா நழுவிக் கீழ போகுது."

ஸ்டேஷனில் சிரித்த கணவன் இப்போது சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து மாஸ்டர் எதிரே நின்றார்.

"ரெண்டு பெடலுக்கும் நடுவுல கம்பி போகுது. நீங்க மிதிச்சா அவங்க பெடலும் இறங்கும். அவங்க மிதிச்சா உங்களுது அசையாது. கத்தறது உங்க பெடல். சேர்ந்த புதுசுல அவங்களுக்காக நீங்கதான் மிதிச்சீங்க, அதான் கத்துச்சு. அவங்க கத்துக்கக் கத்துக்க உங்க காலுக்கு வேலை போச்சு, சத்தமும் போச்சு. எண்ணெயே போடாம இவங்க ஓட்டறப்ப மட்டும் நின்னுபோன சத்தத்தை நீங்க ஒரு நாளும் யோசிக்கலை. வண்டி ஓட்டத் தெரிஞ்ச யாருமே யோசிக்கலை. கிளட்ச் கத்துச்சு, ஓட்டினவ மிதிச்சான்னு முடிச்சுட்டீங்க."

"மேடம், அவசரத்துல பிரேக்குன்னு நினைச்சு..."

"காதுல போன். சைக்கிள் மணி கேட்டுப் பதறினது நீங்க. பார்க்காம உதைச்சீங்க, பக்கத்துப் பெடல்ல பட்டுது. அது தப்பு, மனுசனுக்கு வரும். ஆனா காலைல ஏழே காலுலேருந்து இப்ப வரைக்கும் அந்தக் காலை இந்தப் பொண்ணோட கால்னு சொல்லிட்டுத் திரியறீங்களே, அதுக்கு என்ன பேரு? மிதிச்சது நீங்க, பழி அவங்களுக்கா? அவங்களே நம்பிட்டாங்கய்யா, தான்தான் செஞ்சோம்னு. வயிறு எரியுது எனக்கு."

கூட்டத்தில் காலையில் தீர்ப்புச் சொன்னவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலை ஞாபகம் வந்து நழுவினார்கள். "அதானே பார்த்தேன்" என்ற ஆள் முதலில் போனான். ஒருத்தருக்காவது தள்ளக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஜீப் டிரைவர் மட்டும் வந்தார். "தப்பா நினைச்சுட்டேன், தங்கச்சி." பிறகு ஏதாவது செய்தாக வேண்டும் என்பதுபோல் காருக்குள் தேடி எண்ணெய் டப்பாவை எடுத்தார். "எல்லாம் எழுதியாச்சுன்னா இதுக்கு ரெண்டு சொட்டு விட்டுடலாமா, மேடம்?"

"விட்டுக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேண்டாம்ண்ணே."

தள்ளக்கா அன்று முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். எல்லோரும் திரும்பினார்கள். அவள் ரத்தக்கறை படிந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாஸ்டரைப் பார்த்தபடி சொன்னாள்.

"அது கத்தட்டும். எனக்கு அடுத்து இந்த வண்டியில கத்துக்க ஒருத்தி வருவா. மிதிச்சது தானா, மாஸ்டரான்னு அவளுக்குத் தெரியணும்."