புதுக் கல் ஓடும் ஒரு நிமிடம்

பாதுகாப்பு வகுப்பில் யாருமே கொட்டாவி விடாத ஒரு பட்டறையை, ஊர் ஊராகப் போய் அந்த வகுப்பை எடுக்கும் ஏஞ்சல் மேரி அதுவரை பார்த்ததில்லை. எங்கே போனாலும் ஒருவன் செல்போனை நோண்டுவான், ஒருவன் டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்ப்பான், "இருவது வருசமா கிரைண்டர் புடிக்கிறோம், எங்களுக்கே பாடமா மேடம்?" என்று ஒரு பெரிய மனிதர் நக்கலடிப்பார். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குத் தொட்டி கட்டும் இந்தப் பட்டறையில் ஏழு பேரும் பூசைக்கு வந்தவர்கள் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். "கிரைண்டருல புதுக் கல்லு மாட்டுனா..." என்று அவள் தொடங்கினாள். முடிப்பதற்குள் ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஒதுங்கி நிக்கணும். ஒரு நிமிசம்."

சரியான பதில்தான். இரும்பைத் தேய்க்கும் அந்தச் சக்கரக் கல் புதிதாக இருக்கும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே வெடித்துச் சிதறும், எதிரில் நிற்பவன் மிஞ்ச மாட்டான். பாராட்ட வேண்டிய இடத்தில் அவளுக்கு ஏனோ சந்தேகம் வந்தது. பாடம் ஒப்பிக்கிறவன் வாத்தியாரைப் பார்ப்பான், இவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

எட்டாவது ஆளாக ஓரத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தவன் அவள் தம்பி சகாய ஆனந்த். ஏலாக்குறிச்சியில் அப்பா இறந்தபோது அவனுக்குப் பத்து வயது. ஐ.டி.ஐ படிக்க வைத்தது, நாலு பேரைப் பிடித்துப் போன வாரம் இங்கே வேலைக்குச் சேர்த்தது எல்லாம் அவள்தான். அவனுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அம்மாவின் முகத்தில் விழிக்க முடியாது. அந்தப் பயத்தில்தான், வேறு ஆளுக்குப் போக வேண்டிய இந்த வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

பட்டறையின் கடைசியில், சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு கிரைண்டர் தனியாக நின்றது. கல் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது.

"இதுல யாரு வேலை செய்யிறது?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லைங்க" என்றார் ஏழு பேரில் மூத்தவரான ஃபோர்மேன் சாமிக்கண்ணு. ஐம்பது வயது, தலைமுடி முழுக்க இரும்புத் தூள்.

"அப்பறம் எப்படி இவ்வளவு தேஞ்சிருக்கு? எப்ப மாட்டுனது?"

"போன மாசம். தானாத் தேயுங்க, அது."

காதில் பூ சுற்றுகிறாரே என்று அவளுக்குக் கோபம் வந்தது. இதற்கு முன்னால் காலாவதியான கல்லை மாட்டி எவனையோ பலி கொடுத்திருக்கிறார்கள், கம்பெனிக்குத் தெரியாமல் அமுக்கிவிட்டார்கள், ஏழு பேரும் அதற்கு உடந்தை. அவளுக்கு அது உறுதியாகிவிட்டது. "புதுக் கல்லு எடுத்துட்டு வாங்க. இப்ப மாட்டலாம். தம்பி, நீ வா" என்றாள்.

"அவன் வேணாம் மேடம். நாங்க பாத்துக்கிறோம்."

"ஏன், அவன் பாத்தா என்ன?"

சாமிக்கண்ணு தரையைப் பார்த்தபடியே கல் எடுக்கப் போனார். அது அவளை இன்னும் பிடிவாதமாக்கியது.

கல் வந்தது. லேபிளில் தேதியைப் பார்த்தாள், இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டுத் தொங்கவைத்து ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினாள், கீறல் இல்லாத கல்லுக்கே உரிய மாதிரி சுத்தமாக ணங்கென்றது. மோட்டாரின் வேகம் சரி, கல்லின் இரு பக்கமும் வைக்கும் அட்டை சரி, மூடி சரி, கல்லுக்கும் இரும்பை வைத்துப் பிடிக்கும் தாங்கிக்கும் இருக்க வேண்டிய இடைவெளி நூல் பிடித்த மாதிரி சரி. குறை ஒன்று கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு தப்பும் இல்லாத இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போதுதான் முதன்முதலாக அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

தம்பி கல்லை மாட்டி நட்டை முறுக்கினான். அவனைப் பக்கவாட்டில் இழுத்துத் தன்னோடு நிறுத்திக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் ஏழு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றிருந்தார்கள், தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

"என்ன இது?"

"நீங்களும் திரும்பிக்கிடுங்க மேடம்" என்றார் சாமிக்கண்ணு, சுவரைப் பார்த்தபடியே. "தம்பி, நீயும் திரும்பு. ஒரு நிமிசந்தான்."

"அப்படி ஒரு ரூலும் கெடையாது. அவங்க சொல்றதக் கேக்காத தம்பி. கல்லையே பாரு."

ஸ்விட்சைப் போட்டாள்.

கல் சுழன்றது. மதியம் மூன்று மணி வெயில் கூரை ஓட்டைகள் வழியாகக் கோடு கோடாக இறங்கியிருந்தது, சாலையில் ஒரு லாரி கியர் மாற்றிப் போனது, சுவர்ப் பக்கம் ஏழு பேரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மெல்ல எண்ணத் தொடங்கினார்கள், எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கல் தடையில்லாமல் ஒரே சீராக ரீங்கரித்தது. இருபத்தைந்து வரை சீராகத்தான் இருந்தது. பிறகு சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது. கல்லின் மேல் எதையாவது அழுத்தினால் தாழும், அப்படித் தாழ்ந்தது.

கல்லின் மேல் எதுவும் இல்லை.

பொறி பறந்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கொத்தாக. தரைவரை தெறித்து ஓட வேண்டிய பொறி ஒரு முழம் தாண்டியதும் எதிலோ மோதி, வழிந்து, விழுந்தது. நெஞ்சு உயரத்தில். ஒரு ஆள் அகலத்தில்.

இரும்பு வாடை இல்லை. நகம் கருகும் வாடை.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

சேசுவே என்று வாய் முணுமுணுத்தது.

"அக்கா" என்றான் தம்பி. குரலில் பயமே இல்லை. "தள்ளி நின்னு எனக்கு எடம் விடுறாரு பாருக்கா."

"யாருடா?"

அவன் நடந்தான். அவள் பாய்ந்து கையைப் பிடித்தாள். தொளதொளச் சட்டை ஆகாது, அரைக்கைதான் போட வேண்டும் என்று காலையில் அவனை மாற்ற வைத்தவள் அவளேதான். பிடிக்கத் துணி இல்லை. வேர்வையில் கை வழுக்கியது.

போய்விட்டான்.

"சாமிக்கண்ணு அண்ணே!" என்று கத்தினாள். "திரும்புங்கண்ணே! யாராவது வாங்க!"

"மேடம், கண்ண மூடிக்கிடுங்க" என்றார் அவர். அழுதுகொண்டிருந்தார். திரும்பவில்லை. ஐம்பத்தொன்று என்று மற்றவர்கள் எண்ணினார்கள்.

சிவப்பு ஸ்விட்சை அடித்தாள். மறுபடியும் அடித்தாள். மோட்டார் அணைந்தது. ரீங்காரம் இறங்கியது. கல் தளர்ந்தது, தடுமாறியது, நின்றது. லேபிளின் எழுத்தை வாசிக்க முடிந்தது.

பொறி நிற்கவில்லை.

அசையாத கல்லின் மேல் சகாய ஆனந்த் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. விரல் நுனிகளிலிருந்து மஞ்சளாகப் பொறி கொட்டியது. வேலை கற்றுக்கொள்கிறவனின் கவனம் முகத்தில். பக்கத்தில் யாரோ ஏதோ சொன்னதுபோலத் தலையாட்டினான். கையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தான்.

அறுபது என்றார்கள். அறுபத்தொன்று என்றார்கள்.

"இன்னும் கொஞ்சந்தாங்க்கா" என்றான் அவன், திரும்பாமலே.

விரல்கள் நடுக் கணு வரை தேய்ந்திருந்தன.