எதிரொலிப் பெட்டி ஏற்காத சுரம்

மாலை நான்கு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில்தான் போனேன். பேய் இருட்டில்தான் வரும் என்ற நம்பிக்கை எனக்கு அதுவரை இருந்தது.

லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க மணியை அழுத்தினேன். மூச்சு வாங்கியதற்குப் படிக்கட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அது எட்டு மாதம் முன்பு இறந்துபோன, எங்கள் இசைக்குழுவின் கிட்டார் அண்ணனின் வீடு. அவர் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. சாவுக்குப் போனேன், போகாமல் இல்லை. தெருமுனையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

காரணம் ஒரு மெட்டு.

ஒரு ஒத்திகையில், வாசித்ததை எதிரொலியாகத் திருப்பிச் சொல்லும் தன் எக்கோ பெடலைக் காலால் மிதித்துவிட்டு அதை வாசித்துக் காட்டினார். "இன்னும் முடிக்கலடா, சுவிட்சுப்பலகை" என்றார். சுவிட்சுப்பலகை என்பது நான்தான். சிந்தசைசர் வாசிக்கிறவனுக்கு அவர் வைத்த பெயர். பிறகு அவர் படுத்துவிட்டார். எனக்கு ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு அவசரமாக முகப்பு இசை வேண்டியிருந்தது. மண்டையில் எதுவும் இல்லை, அவர் மெட்டைத் தவிர. யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று கடைசி சுரத்தை மட்டும் ஒரு படி இறக்கினேன். திருடிய சட்டைக்குப் பொத்தானை மாற்றித் தைத்துக்கொண்ட மாதிரி. அதற்கு ஒரு கேடயமும் கொடுத்தார்கள். அது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் சுவரைப் பார்த்து நிற்கிறது. நான்தான் திருப்பி வைத்தேன்.

அண்ணி கதவைத் திறந்தார். "வாங்க தம்பி. அவரோட பெட்டியெல்லாம் சும்மா தூசி பிடிக்குது. உங்களுக்காவது உதவட்டும்னுதான் கூப்பிட்டேன்."

ஆறுதல் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்கச் சின்ன சிந்தசைசரையும் இரண்டு வயரையும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தேன். ஆசை வெட்கமறியாது.

அண்ணன் அறையில் ஜன்னல் மூடியிருந்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் அந்தப் பெடல், மிதித்து மிதித்துப் பெயின்ட் உதிர்ந்த இரும்புப் பெட்டி.

"எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தரம் வாசிச்சுக் காட்டுங்க" என்றார் அண்ணி. "அந்த சீரியல் மியூசிக். உங்க மெட்டு."

உங்க மெட்டு. இரண்டே சொல். காது மடல் வரை சுட்டது.

குனிந்து வயர்களைச் செருகினேன். சிந்தசைசரின் ஒலியைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்தேன். "கிட்டார் கெஞ்சும், உன் சிந்தசைசர் அதட்டும். இந்தப் பெட்டிக்குக் கெஞ்சினாத்தான்டா காது கேக்கும்" என்று அண்ணன் சொல்வது வழக்கம். கெஞ்சுகிற அளவுக்கு வைத்து வாசித்தேன்.

மெட்டு போனது. எக்கோ திரும்பி வந்தது. கடைசி சுரம் மட்டும் ஒரு படி மேலே வந்தது.

விரல் பிசகியிருக்கும் என்று மறுபடி வாசித்தேன். மறுபடியும் நான் தாழ்வாகச் சொன்னதை அது உயர்த்திச் சொன்னது, தப்பாக ஒப்பித்த பிள்ளையைத் திருத்தும் வாத்தியார் போல.

மூன்றாம் முறை நான் பாதியில் இருந்தேன்.

எக்கோ முடித்துவிட்டது.

கையை எடுத்தேன். பெடலைப் பார்த்தேன். வயர்களை மாற்றிச் செருகியிருந்தேன். கிட்டார் பெடலில் ஒலி வலது பக்கம் நுழைந்து இடது பக்கம் வெளியேறும். எல்லாவற்றையும் இடமிருந்து வலமாகவே அடுக்கும் கீபோர்டுக்காரப் புத்தி, உள்ளே போக வேண்டியதை வெளியே வருகிற துளையில் குத்தியிருந்தது. அப்படிக் குத்தினால் இந்தப் பெட்டியிலிருந்து முணுமுணுப்புக்கூட வரக் கூடாது.

வந்துகொண்டிருந்தது.

மின்சார வயரைப் பிடுங்கினேன். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

மெட்டு அணையவில்லை.

மூடிய அறைக்குள் ஈயம் உருகும் வாசனை வந்தது. அறுந்த வயர்களை அண்ணன் ஒட்டவைக்கும்போது வருமே, அதே வாசனை.

"தம்பி," அண்ணி மெல்லக் கேட்டார், "இது அவர் வாசிக்கிற மாதிரியே இருக்கே?"

"பழைய பதிவு ஏதாவது உள்ளே இருக்கும் அண்ணி" என்றேன். இரண்டு விநாடி ஒலியைக்கூடச் சேர்ந்தாற்போல் வைத்துக்கொள்ளத் தெரியாத பெட்டி அது.

சத்தம் கூடியது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தக் கடைசி சுரம், அது மட்டும், திரும்பத் திரும்ப, என் பிடரிக்கு மிக அருகில்.

"அண்ணி, அது என் மெட்டு இல்ல!" கத்தியே விட்டேன். "அண்ணனோடது. நான் திருடிட்டேன். அதான் ஆஸ்பத்திரிக்கு வரல. மூஞ்சியைக் காட்ட முடியல."

சுரம் நின்றது.

அண்ணி அழவில்லை, திட்டவில்லை. முந்தானையால் பெடலின் தூசியைத் துடைத்தார்.

"அவருக்குத் தெரியும் தம்பி. ஆஸ்பத்திரி டிவில தினம் ஏழு மணிக்கு அதைப் போடச் சொல்லுவாரு. அப்புறம் கதவையே பார்த்துட்டிருப்பாரு, நீங்க வருவீங்கன்னு. சண்டை போட இல்ல. 'அந்தக் கடைசி சுரத்தை ஏன்டா இறக்கினே'ன்னு கேக்கணுமாம்."

"நீங்க ஏன் முன்னாடியே..."

"நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

அதற்குப் பதில் அவர் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருக்கலாம். பெடலை அங்கேயே வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் மதியம் என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, சிந்தசைசரை நேராகக் கணினியில் இணைத்து, மெட்டைச் சரியான சுரத்தோடு புதிதாகப் பதிவு செய்தேன். ஒரே வாத்தியம், ஒரே தடவை. நடுவில் கண் கலங்கி விரல் நின்றது. திருத்தாமல் அப்படியே விட்டேன். இசை என்ற இடத்தில் அண்ணன் பெயரை மட்டும் எழுதி, நடந்ததை நாலு வரியில் ஒப்புக்கொண்டு தொடரின் ஒலிப்பதிவாளருக்கு அனுப்பினேன்.

அரை மணியில் போன் வந்தது.

"சார், கடிதம் படிச்சேன், அதை அப்புறம் பேசுவோம். பதிவு பிரமாதம். ஆமா, கிட்டார் யாரு?"

"கிட்டாரே இல்லையே."

"விளையாடாதீங்க சார், ஹெட்போன்ல கேட்டுட்டே பேசறேன். நடுவுல ஒரு இடத்துல நீங்க தடுமாறி நின்னுட்டீங்க பாருங்க..."

"ஆமா."

"அங்க அவரும் நிறுத்திட்டாரு சார். நீங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்காரு."