ஏழாம் இடத்துச் சட்டை

சட்டையின் வலது கை அவளிடம் இருந்தது. இடது கை அவனிடம்.

"விடுங்க..."

"நீங்க விடுங்க."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடைக்குள் ஒதுங்க வந்தவர்கள் பாதி, வாங்க வந்தவர்கள் பாதி என்று நெருக்கடி. அந்தக் கூட்டத்தின் நடுவே, காலர் வைத்த டி-ஷர்ட்டுகள் வரிசையாகத் தொங்கிய கம்பிக்கு முன்னால், கழுதை வயசான இரண்டு பேர் ஒரு கருநீலச் சட்டைக்காக இழுபறி நடத்திக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு. அவளுக்கோ உச்சந்தலை வரை எரிந்தது.

"நான்தான் சார் முதல்ல எடுத்தேன். மீடியம் சைஸ்ல இது ஒண்ணுதான் இருக்கு."

"அதனாலதான் சொல்றேன். இது வேண்டாம். வேற கம்பெனி எடுத்துக்குங்க."

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

இதெல்லாம் ஒரு பதிலா! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று அவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்திருக்கக் கூடாது... நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, அதற்குக் கீழே இரண்டு கண்கள். வாய் சண்டை போட்டது. கண்கள் என்னவோ கெஞ்சின. அந்த ஒரு நொடி அவள் பிடி தளர்ந்தது. அவ்வளவுதான்... சட்டை அவன் கைக்குப் போனது, கல்லாவுக்குப் போனது, அவனோடு மழைக்குள் போயே போய்விட்டது.

"சிடுமூஞ்சி!" என்று பல்லைக் கடித்தாள். கடித்த பல்லோடு இன்னொன்றையும் கவனித்தாள், பாழாய்ப்போன தொழில் புத்தி. அவன் போட்டிருந்த டி-ஷர்ட்டின் தோள் தையல், தோள் முடியும் இடத்தில் ஒரு நூல் அப்படி இப்படி இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

அவள் வேலை அப்படி. கடைப் பொருட்களை வாங்கிச் சோதித்து, எது உழைக்கும், எது கொடுத்த விலைக்குத் தகும் என்று எழுதுகிற மாத இதழ் ஒன்றில் அவள் சோதனையாளர். போன மாதம் குக்கர். அதற்கு முன் குடை. இந்த மாதம் ஆண்களின் போலோ டி-ஷர்ட். ஏழு கம்பெனி, எல்லாம் மீடியம், எல்லாம் கருநீலம். கடையில் போய் யார், எதற்கு என்று மூச்சுவிடக் கூடாது. சாதாரண ஆள் போல வாங்கி வர வேண்டும். அதனால்தான் அன்று அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'தராசு'. ஆறு வருடத்தில் அவள் எழுதிய தீர்ப்பு எதற்கும் திருத்தம் வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்ச நஞ்சமல்ல.

அந்த ஏழாவது சட்டை ஆறு நாள் கழித்து வேறொரு கடையில் கிடைத்தது. இதழும் வெளிவந்தது. ஏழாம் இடத்துக்கு நேரே அவள் எழுதியிருந்தாள்: 'பதினைந்தே துவையலில் இரண்டு இன்ச் குட்டையாகிறது. மாதக் கடைசியில் தம்பிக்குப் போடலாம்.'

இதழ் வந்த மூன்றாம் நாள், சோதனை அறையின் கதவு படாரென்று திறந்தது.

"யாருங்க இங்க தம்பிக்குப் போடச் சொன்ன..."

வாக்கியம் பாதியில் நின்றது.

"நீங்களா?" என்றான் அவன்.

"நீங்களா!" என்றாள் அவள்.

சிடுமூஞ்சியேதான். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அந்தச் சட்டையை வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் அவன். தைப்பது அவன் அக்கா நடத்துகிற தையல் கூடம், பதினோரு மிஷின்.

"எங்க சட்டையை முக்காவாசி எடுக்கிற பெரிய கடை ஒண்ணு இருக்கு மேடம். உங்க எழுத்தைப் பார்த்துட்டு, அடுத்த இதழ்ல திருத்தம் வரலைன்னா இனிமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அந்தக் கடை போனா கூடத்தை மூட வேண்டியதுதான். என் சட்டை ரெண்டு இன்ச் சுருங்காது. சுருங்கவே சுருங்காது!"

"சட்டை உங்ககிட்ட சொல்லிச்சா? எங்கிட்ட சுருங்கித்தான் காட்டிச்சு. வாங்க, கண்ணால பாருங்க."

மேசைமேல் ஏழு சட்டைகளும் கிடந்தன. அவன் ஒவ்வொன்றாக எடுத்தான். எடுத்த விதத்தில் அவள் கோபம் கொஞ்சம் தடுமாறியது. தூங்கும் குழந்தையைப் புரட்டுவது போல உள்புறத்தை வெளியே திருப்பினான். பட்டன் பட்டியை விரலால் தடவினான்.

"துணி ஒசத்தி... ஆனா தோள் இறங்கி நிக்கும். இது சும்மா பேருக்கு விலை. இதுல கை தூக்கினா இடுப்பு தெரியும்."

அவள் குறிப்பேட்டில் வார்த்தைக்கு வார்த்தை அதுதான் இருந்தது. காட்டுவாளா? குறிப்பேட்டை மூடிப் பிடித்துக்கொண்டாள். அவன் கடைசியாக முதலிடத்துச் சட்டையை எடுத்து, வெகு நேரம் பார்த்தான்.

"இதுக்கு முதல் இடம் குடுத்தது நியாயம்தான். என்னைவிட நல்லா வெட்டியிருக்கான்."

போட்டிக்காரனைப் புகழ்ந்துவிட்டு, அதே மூச்சில் தன் சட்டையை அவள் முன்னால் நீட்டினான். "இதை எப்படிக் காய வச்சீங்க?"

"எல்லாத்தையும் போலத்தான். நிழல்ல, மேசைமேல பரப்பி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் காலையில அள..."

அவள் நாக்கு நின்றது. குறிப்பேட்டைத் திறந்தாள். ஆறு சட்டைக்கும் அப்படித்தான். ஏழாவது மட்டும் ஆறு நாள் தாமதம். இதழ் அச்சுக்குப் போகும் அவசரத்தில் கடைசி எட்டுத் துவையலுக்குச் சூட்டு மிஷினில் போட்டுக் காய வைத்து, சூடு ஆறுமுன்பே அளந்திருந்தாள். அவள் கையெழுத்திலேயே இருந்தது.

"பின்னல் துணிங்க இது... சூட்டுல போட்டா சுருங்கத்தான் செய்யும். எந்தக் கம்பெனி துணியா இருந்தாலும்! இதுகூடத் தெரியாமயா ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுதறீங்க? எங்க சட்டைக்கு மட்டும் ஏன் இந்தக் கொடுமை?"

"ஏன்னா அது லேட்டா கிடைச்சுது! ஏன் லேட்டு? நான் எடுத்ததை ஒரு மகராசன் கையிலேருந்து பிடுங்கிட்டுப் போயிட்டான்!"

அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. கையிலிருந்த சட்டையை மடித்து மேசையில் வைத்தான்.

"அந்தச் சட்டைக்குக் காலர் சரியில்ல," என்றான் மெதுவாக. "ஒரு கட்டு காலர் தப்பா பின்னி வந்துடுச்சு. நாலு துவையல்ல சுருண்டுக்கும். அக்கா பேர் கெட்டுடக் கூடாதேன்னு, கடை கடையாப் போய் நானே திரும்ப வாங்கிட்டிருந்தேன்."

"அதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நடுக்கடையில நின்னு எங்க சட்டை மட்டம்னு நானே தண்டோரா போடணுமா? நீங்க மட்டும் யாருன்னு சொன்னீங்களா?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். தப்பில் பாதி அவனுடையது, பாதி அவளுடையது. ஆனால் அச்சில் ஏறியது அவளுடைய பாதிதான். அதை நினைக்க நினைக்க அவளுக்கு அவன்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. உள்ளே யார்மேல் ஆத்திரம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

இதழாசிரியை அம்மா விஷயத்தைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது அவர் கத்துவதற்கு முன் செய்கிற காரியம். கத்தி முடித்தபின் சொன்னார்: "ஏழு சட்டையும் புதுசா வாங்கு. முதல் துவையல்லேருந்து திரும்பச் செய். ஒரு நாளைக்கு ஒரு துவையல், பதினஞ்சு நாள். திருத்தம் அடுத்த இதழ்ல வந்தாகணும்."

அவன் மாலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவான். சோதனை அறை வாசலில் குடையை மடக்கி நிறுத்திவிட்டு, எட்டி நின்று பார்ப்பான்.

"நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

"அப்ப நல்லாப் பாருங்க. கண்ணு வலிக்கப் பாருங்க."

அவன் பார்த்தான். சட்டையைத்தான் பார்த்தானா என்று அவள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவன் கண்கள் அவசரமாகச் சட்டைக்குப் போயின. அதற்கும் அவளுக்குக் கோபம்...

ஒன்பதாம் நாள், அளவு பார்ப்பதற்காகச் சட்டையைப் போட்டுக் காட்டுகிற அலுவலக ஓட்டுநருக்குக் காய்ச்சல். மற்ற கம்பெனிச் சட்டைகள் ஆறையும் சிடுமூஞ்சியே போட்டுக் காட்டுவது என்று ஆயிற்று. தன் சட்டையை மட்டும் அவன் தொடவில்லை. அது ஓட்டுநர் எழுந்து வரும்வரை காத்திருந்தது.

"கையைத் தூக்குங்க. இறக்குங்க. திரும்புங்க."

"சர்க்கஸ்ல சேர்த்த மாதிரி இருக்கு."

"பேசாதீங்க, அளவு தப்பும்." மார்பைச் சுற்றி நாடாவைக் கொண்டுவந்தாள். "மூச்சைப் பிடிக்காதீங்க."

"நான் பிடிக்கல... அதுவா நிக்குது."

நாடாவில் எண் தெரிந்தது. அவளுக்குப் படிக்க வரவில்லை. மறுபடி அளந்தாள், மறுபடியும் வரவில்லை. "சே!" என்று நாடாவை மேசையில் வீசிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அதற்கு அடுத்த நாள் ஆறு மணி தாண்டி ஆறேகாலாகியும் அவன் வரவில்லை. அந்தப் பதினைந்து நிமிடம் அவள் ஜன்னலையும் கடிகாரத்தையும் மாறி மாறித் திட்டினாள்.

பதினைந்தாம் நாள் கணக்கு முடிந்தது. சுருக்கம் அரை இன்ச்சுக்கும் குறைவு.

"மூணாவது இடம்," என்றாள்.

"மூணாவதா?" அவன் குரல் ஏறியது. "ரெண்டாவதைவிட எங்க தோள் வெட்டு எவ்வளவோ மேல்!"

"வெட்டு மேல்தான். ஆனா பட்டன் ரெண்டு கழண்டுச்சு. பட்டன் நிக்காத சட்டைக்கு நான் ரெண்டாவது இடம் தர மாட்டேன். நீங்க பதினஞ்சு நாள் வாசல்ல நின்னாலும் சரி, பதினஞ்சு வருஷம் நின்னாலும் சரி."

அவன் கொதித்தான். கழன்ற பட்டன்களை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். பிறகு, "அக்காகிட்ட நூலை மாத்தச் சொல்லணும்... மூணாவது சரிதான்," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனான். அன்றுதான் அவள் மனம் மொத்தமாக விழுந்தது.

மறுநாள் மதியம் ஆசிரியை அம்மா திருத்தத்தைப் படித்துத் தலையசைத்துவிட்டு, வழக்கமான தாளை நீட்டினார். ஒவ்வொரு தீர்ப்போடும் போகிற தாள். 'இப்பொருளைச் செய்தவர்களோடு எனக்கு எந்த உறவும் இல்லை' என்று சோதித்தவர் கையெழுத்திட வேண்டும். ஆறு வருடமாகப் படிக்காமலே போட்ட கையெழுத்து. அன்று பேனாவை வைத்தாள்... பேனா வைத்த இடத்திலேயே நின்றது.

"என்ன தராசு?"

"உறவு இருந்தா?"

ஆசிரியை அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இருந்தா வேற ஆள் முதல்லேருந்து செய்யணும். திருத்தம் இந்த இதழ்ல வராது. இன்னும் ஒரு மாசம் அந்தச் சட்டை ஏழாவதுலதான் கிடக்கும். யோசிச்சு நாலு மணிக்குள்ள சொல்லு."

அவள் தாளைப் பைக்குள் செருகினாள். குடையை மறந்தாள்.

தையல் கூடத்தின் தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. வெட்டு மேசைமேல் துணி அடுக்கு அடுக்காகக் கிடந்தது. சொட்டச் சொட்ட உள்ளே வந்து நின்றவளைப் பார்த்து, அவன் கத்தரியைக் கீழே வைத்தான்.

"உங்களுக்கு ஏதாவது அறிவிருக்கா?" என்றாள் அவள்.

"என்னாச்சுங்க?"

"இதைப் படிங்க. ஆறு வருஷமா கண்ணை மூடிட்டுப் போட்ட கையெழுத்து. இன்னிக்குப் போட வரல. உங்களாலதான்!"

அவன் படித்தான். நிமிர்ந்தான். "ஏன்... போட வரல?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும். உங்களைப் பார்த்தா கோபம் வருது. ஆறு மணிக்கு வரலைன்னா அதைவிடக் கோபம் வருது. இது கோபமே இல்லைன்னு புரிஞ்சு ஒரு வாரமாச்சு... அதை நினைச்சா இன்னும் கோபமா வருது!"

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கையெழுத்துப் போட்டா பொய். போடலைன்னா உங்களுக்கு அந்தக் கடை போயிடும். நாலு மணிக்குள்ள சொல்லணும். நான் என்ன செய்யட்டும்?"

அவன் அக்காவைப் பார்த்தான். அந்த மிஷின்களைப் பார்த்தான். பிறகு அவளை.

"போடாதீங்க."

"டேய்!" அக்கா எழுந்து வந்தாள். "சட்டை காயுதான்னு பார்க்கப் போறேன்னு பதினஞ்சு நாள் போனியே, இதைத்தான் பார்த்தியா? பதினோரு பேர் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டு உனக்குக் காதல் கேக்குதா?"

அவன் தலை குனிந்து நின்றான். ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, நீ பேசாம ஒரு கையெழுத்தைக் கிறுக்கியிருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே அக்கா..."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவள்மேல் எறிந்தாள். "துவட்டிக்கோ முதல்ல. பொய் சொல்லி வாங்கற மூணாவது இடம் எனக்கொண்ணும் வேண்டாம். ஒரு மாசம் பொறுக்கச் சொல்லி அந்தக் கடைக்காரன்கிட்ட நான் சண்டை போட்டுக்கறேன். போனான்னா போகட்டும், ஊர்ல வேற கடையே இல்லையா?" என்று சொல்லிக்கொண்டே போய் மிஷினில் உட்கார்ந்தவள், நின்று பார்த்தவர்களை அதட்டினாள். "இங்க என்ன படமா ஓடுது? தைங்க!"

மிஷின்கள் மறுபடி ஓடின. அவன் தாளை இன்னொரு முறை படித்தான்.

"கீழ 'இருந்தால், என்ன உறவு?'ன்னு ஒரு கோடு இருக்கே... அதுல என்ன எழுதப் போறீங்க?"

"அதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் நனைஞ்சுட்டு வந்தேன்!"

அவன் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கினான். துணி அடுக்கின்மேல் தாளை வைத்து, வெட்டுக்கோடு போடுகிற அதே கவனத்தோடு எழுதினான். 'கட்டிக்கொள்ளப் போகிறவன்.'

அவள் படித்தாள். காது மடல் வரை சூடேறியது.

"என்னை ஒரு வார்த்தை கேக்காமலே எழுதிட்டீங்க!"

"கேட்டா கோபப்படுவீங்களே..."

"இப்பவும் கோபம்தான்," என்று பேனாவைப் பிடுங்கி, அவன் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.