வெடிமருந்து அறையில் எறும்புகள்

காலை 10.20. கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புத் துணி மட்டும் இருந்தது. அதன்மேல் மூன்று மாதமாகக் கிடந்த வெள்ளிப்பிடிக் குத்துவாளைக் காணவில்லை.

செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பூங்காவுக்குள் இருக்கிற பழைய கோட்டையில் இன்று மிச்சம் நிற்பவை ஒரு மதிலும் ஒரு வெடிமருந்து அறையும்தான். அறைக்கு ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. ஊரப்பாக்கத்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்த குடும்பம்தான் முதலில் சத்தம் போட்டது. "இன்னாப்பா, கத்தியக் காட்டறோம்னு டிக்கெட் குடுத்துட்டு துணியக் காட்டறீங்க?"

11.45-க்கு சப்-இன்ஸ்பெக்டர் ஷபானா வந்து சேர்ந்தார். ஒரு மணிக்குள் எல்லோரையும் சோதித்தாயிற்று. கொத்தனார் ராமதாஸ் சாரத்தில் மாட்டியிருந்த கரண்டிப் பைக்குள் கண்ணாடிப் பெட்டியின் சாவி கிடைத்தது. வாள் கிடைக்கவில்லை.

ராமதாஸின் மனைவி செங்கம்மாளும் அங்கேதான் வேலை செய்தாள். கோட்டைப் பழுதுபார்ப்பில் சுண்ணாம்பு அரைப்பதும் கலவை சேர்ப்பதும் அவள் வேலை. கலவையில் ஊற்றும் தண்ணீருக்காகக் கடுக்காயும் வெல்லமும் ஊறுகிற பீப்பாய் அவள் பொறுப்பு. அதன் மூடியை அவள் திறந்தால் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அந்தப் புளித்த நாற்றம் கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது.

"அஞ்சு மணிக்கு எஃப்.ஐ.ஆர். போட்டுருவேன்" என்றார் ஷபானா. "அதுக்குள்ள வாள் எங்கன்னு உன் வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லு."

"அவருக்குத் தெரிஞ்சாதானே மேடம் சொல்வாரு?"

அவள் பயமெல்லாம் மகள் கவியாவைப் பற்றி. கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது, போலீஸ் வெரிஃபிகேஷன்தான் பாக்கி. அடுத்தவர் வயலிலேயே குனிந்து கிடந்த குடும்பத்தில் முதல் முதலாக ஒருத்தி ஸ்டாஃப் பஸ் ஏறப் போகிறாள். அப்பன் திருட்டுக் கேசில் உள்ளே என்று எழுதிவிட்டால் எல்லாம் போச்சு. செங்கம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

பிற்பகல் 2.30. காவலாளி செங்கல்வராயனிடம் விசாரணை.

"நேத்து எப்ப பூட்டினே?"

"அஞ்சரைக்கு மேடம். அப்ப வாள் இருந்திச்சு. பூட்டினப்பறம் ராமதாஸ் அண்ணாத்த முந்தி வேலை செஞ்சப்ப வுட்டுட்டுப் போன மட்டக்கோல வேணும்னு உள்ள போயி எடுத்துகினு வந்தாரு. ரெண்டு நிமிசம்கூட ஆவல."

"இன்னைக்குக் காலையில?"

"ஏழு மணிக்கு மோகன் சார் வந்தாரு. அளவு எடுக்கணும்னாரு. முக்கா மணி நேரம் இருந்தாரு. வெளிய வர்றப்ப நானே தடவிப் பாத்தேன். சாவியும் டேப்பும் டிபன் கேரியரும்தான். கேரியரையும் தொறந்து பாத்தேன், காலி. நாஸ்தாவ உள்ளயே துன்னுட்டாரு போல."

"உள்ள போறப்ப பாத்தியா?"

"உள்ள போறவங்கள இன்னாத்துக்கு மேடம் பாக்கணும்? பழைய செங்கல்ல ஞாபகத்துக்குன்னு தூக்கினு போறவங்களத்தான் புடிக்கணும்."

மோகன் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர். இஸ்திரி கலையாத சட்டை. "அறைச் சாவி, பெட்டிச் சாவி ரெண்டும் ஆபீஸ் ஆணியில தொங்கும், யார் வேணா எடுக்கலாம்" என்றான். "பாவம், ராமதாஸ் நல்ல வேலைக்காரன்தான். இன்னா பேஜாரோ."

மாலை 4.10. ஷபானா எல்லோரையும் மறுபடி அறைக்குள் கூப்பிட்டார். செங்கம்மாள் சுவரோரமாக நின்றாள். சுள்ளென்று காலில் ஏதோ கடித்தது.

எறும்பு. குனிந்தாள். ஒன்றல்ல, ஒரு சாரை. தரையோரமாகவே போய் முழங்கால் உயரத்துக்குக் கீழே ஓரிடத்தில் மொய்த்துக்கிடந்தன. அங்கே பழைய காற்றுத் துளை ஒன்றை அடைத்த செங்கல். சுற்றிலும் பூச்சு ஈரமாக இருந்தது. இந்த அறையில் வேலை முடிந்து பத்து நாளாகிறது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வாள் அறையை விட்டுப் போகவே இல்லை! வாயைத் திறக்கப் போனவள் சட்டென்று மூடிக்கொண்டாள். சுவரைக் குடைந்து பூச யாருக்குத் தெரியும்? நேற்றுப் பூட்டிய பிறகு உள்ளே போனது யார்? இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை அவள் ஒரு நொடி திருடனாகப் பார்த்தாள். அவனும் அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னா செங்கா, அப்படிப் பாக்கற?"

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். பூச்சிலிருந்து வழிந்து தரையில் காய்ந்திருந்த பழுப்புக் கறையை விரலால் தொட்டு மோந்தாள். நாற்றமே இல்லை. நுனி நாக்கில் வைத்தாள். தித்தித்தது.

"மேடம்! வாளு இந்தச் சுவத்துலதான் கீது!" அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள்.

ஷபானா கறையைப் பார்த்தார், ராமதாஸைப் பார்த்தார். "அப்ப உன் வீட்டுக்காரர்தான்னு நீயே சொல்றியா? கொத்தனாரைத் தவிர யார் பூச முடியும்?"

"கொத்தனாரு பூசலன்றதாலதான் மேடம் எறும்பு வந்துது. எங்க தண்ணி ரெண்டு வாரம் புளிக்கணும். வெல்லம் அத்தினியும் புளிச்சுப் பூடும். நாறும், ஆனா தித்திக்காது. ஒரு எறும்பு கிட்ட வராது. இதப் பூசினவன் பச்சை வெல்லத்தக் கரைச்சு ஊத்தியிருக்கான். அவனுக்குப் புளிக்கணும்னே தெரியாது."

"அவன்னா யாரு?"

"வாசல்ல நிக்கிற போர்டப் படிங்க. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம்னு எழுதிக் கீது. புளிக்க வெக்கணும்னு எழுதல. அந்த போர்ட எழுதி வெச்சது மோகன் சாரு. மிச்ச வெல்லம் கெடக்கற ஸ்டோர் சாவியும் அவர்கிட்டதான். என் பீப்பாயில கைய வுட்டிருந்தா ரெண்டு நாளைக்கு நாறும், மாட்டிக்குவாரு. அதான் தொடல."

மோகன் சிரிக்கப் பார்த்தான். "எறும்பு சாட்சி சொல்லுதா மேடம்?"

"எறும்பு வேண்டாம்" என்றார் ஷபானா. "உங்க டிபன் கேரியர் எங்க?"

மோகனின் முகம் செத்துப்போயிற்று. ஆபீஸ் அலமாரியிலிருந்து கேரியர் வந்தது. கழுவித்தான் வைத்திருந்தான். கீழடுக்கின் விளிம்புக்குள் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு இறுகிப்போயிருந்தது. ஷபானா நகத்தால் சுரண்டினார், சுண்ணாம்பு. கலவை உள்ளே போனது அதில்தான். உள்ளே போகிறவர்களைச் சோதிப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

"எப்படி வெளிய எடுக்கறதா இருந்தே?"

"அடுத்த வாரம் சாரம் பிரிப்பாங்க..." என்று இழுத்தான் மோகன். "அந்த லாரியச் சோதிக்க மாட்டாங்க. பழி ராமதாஸ் மேல விழட்டும்னு சாவிய அவன் பையில போட்டேன்."

செங்கல்லை ராமதாஸ்தான் பெயர்த்தான். மஞ்சள் பிளாஸ்டிக் கவருக்குள் வாள் பத்திரமாக இருந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. கையில் ஒட்டிய கலவையை உருட்டிப் பார்த்து, "த்தூ, இதுவும் ஒரு பூச்சா?" என்றான்.

4.50. ஷபானா எஃப்.ஐ.ஆருக்கான தாளில் பெயரை மாற்றி எழுதிக்கொண்டு மோகனை ஜீப்பில் ஏற்றினார்.

அறையில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் நின்றார்கள். செங்கம்மாளால் அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. "ஒரு நிமிசம் உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்யா" என்றாள்.

"தெரியும்" என்றான். பெயர்த்த செங்கல்லில் ஒட்டியிருந்த பூச்சைத் தட்டி உதிர்த்தான். பிறகு கரண்டியை எடுத்தான். "போ, பீப்பாயில ஒரு சொம்பு மொண்டுகினு வா. இந்த ஓட்டைய இப்படியே வுட்டுட்டுப் போவ முடியாது."

அவள் மூடியைத் திறந்தபோது போன் அடித்தது. கவியா.

"அம்மா, அப்பாவ போலீஸ் புடிச்சிகினு போச்சின்றாங்களே! அப்பா எங்க?"

செங்கம்மாள் நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்தாள்.

"எங்கயும் போவல கண்ணு. சுவத்தப் பூசிகினு கீறாரு."