பின்னிறகின் கண்கள்

விலை கேட்டால் அருங்காட்சியகக் காப்பாளரே சொல்வார்: ஒரு ஊசி, ஒரு தக்கைத் துண்டு, மேலே ஒரு கண்ணாடி மூடி. உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கும் அந்த அந்துப்பூச்சிக்கு ஆன செலவு அவ்வளவுதான். அது தன் தங்கை புருஷனுக்கு வாங்கித் தரப்போகும் பெயரைத்தான் அவரால் மதிப்பிட முடியவில்லை.

மாப்பிள்ளைக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். பூச்சி கிடந்ததும் அவருடைய அலமாரித் தட்டில்தான். சாதாரண வகை என்று அவரே எப்போதோ ஒதுக்கி வைத்தது. பின்னிறகு ஒவ்வொன்றிலும் கண் போல ஒரு கறுப்பு வளையம், நடுவில் வெள்ளைப் புள்ளி. வேறெந்த இனத்துக்கும் இல்லாத அந்தக் கண்களை மாப்பிள்ளை பார்த்துவிட்டான்.

"அன்னைக்குக் கண்ணாடியை வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா, மச்சான்?"

"சிரிங்க மாப்ளே, சிரிங்க. உங்க நேரம்."

மதியம் அவன் படம் எடுப்பவரை அழைத்துவரப் போனான். படம் வந்துவிட்டால் புது இனம் என்பதற்குச் சாட்சி ஆகிவிடும்; எல்லாம் முடிந்துவிடும். ஜன்னல் மூடிய அறையில், பாச்சை உருண்டை நெடி தொண்டையில் இறங்க, அலமாரி மரம் எங்கோ மெல்ல முனக, காப்பாளர் மூடியைத் திறந்தார். உலர்ந்து சருகான பூச்சியின் கண்கள் மட்டும் ஈரமாக மின்னின.

வயிறு எரிந்தது. அந்துப்பூச்சியின் நிறமெல்லாம் வெறும் தூள் என்பது அவருக்குத் தெரியாததா? இரண்டு கட்டைவிரல்களையும் இரண்டு கண்கள் மேலும் வைத்து, ஒரு தேய் தேய்த்தார். கண்கள் போயின. இனி இது பழைய சாதாரண வகை. அவர் அன்று சொன்னதுதான் சரி.

குழாயடியில் கை கழுவினார். கட்டைவிரல்களில் ஒட்டிய தூள் போகவில்லை. சோப்புப் போட்டார். கறுப்பு இன்னும் வட்டமானது. நகத்தால் சுரண்டினார்.

வலித்தது. விரலில் அல்ல. கண்ணில் நகம் பட்டதுபோல.

படியில் செருப்புச் சத்தம். கைகளைக் கால்சட்டைப் பைகளில் திணித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை பெட்டியருகே குனிந்தான். நெடுநேரம் நிமிரவில்லை.

"மச்சான்... கண்ணைக் காணோம்."

காப்பாளருக்கு இடது பைக்குள் சாவியின் பற்கள் தெரிந்தன. வலது பைக்குள் கைக்குட்டையின் நூல், ஒவ்வொன்றாக.

பூச்சியிடம் குறைந்தது இரண்டு. அவரிடம் கூடியது இரண்டு.

பைகளின் இருட்டில், இரண்டும் மெதுவாக இமைத்தன.